சுறாப்புட்டை நிறுத்துங்கள், மீனை அல்ல

சகோதரி, ஐந்து மாதக் கர்ப்பம், அம்மா வாரம் இரண்டு தடவை சுறாப்புட்டு செய்து தருகிறார், பாதரச பயத்தில் மீனையே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுறாவை மட்டும் விடுங்கள்.

சின்ன மீன்களைத் தின்று வளரும் சுறாவின் சதையில் மெத்தில் பாதரசம் (மீனில் சேரும் நச்சுப் பாதரச வகை) சேர்ந்துகொண்டே போகும். கழுவினாலும் அவித்தாலும் போகாது. நஞ்சுக்கொடியும் இதைத் தடுக்காது. தாயின் ரத்தத்தைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் கூடுதலாகவே இருக்கும். வளரும் மூளைக்குத்தான் பாதிப்பு அதிகம்.

ஜப்பானின் மினமாட்டாவில் 1950களில் பாதரசமுள்ள ஆலைக்கழிவு கலந்த விரிகுடாவின் மீனைச் சாப்பிட்ட தாய்மார் பலர் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். பிள்ளைகள் மூளை பாதித்துப் பிறந்தார்கள். அங்கே குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துச் சின்னப் பெட்டியில் பத்திரப்படுத்துவார்கள். மருத்துவர் மசாசுமி ஹராதா அந்தக் கொடிகளைத் திரட்டிச் சோதித்தபோது உள்ளே பாதரசம் இருந்தது. நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

அது ஆலை வருடக்கணக்கில் கடலில் கொட்டிய விஷம். உங்கள் நிலை அதுவல்ல, பயப்படாதீர்கள். சுறாவை நிறுத்தினால் உடம்பில் சேர்ந்த பாதரசம் ஏறக்குறைய 2 மாதத்தில் பாதியாகிவிடும். மத்தி, நெத்திலி சாப்பிடுங்கள். அதிலுள்ள ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு பிள்ளையின் மூளைக்கு வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு பால் சுரக்கவென்று அம்மா மறுபடி சுறா வாங்குவார், வேண்டாமென்று இப்போதே சொல்லி வையுங்கள். அடுத்த செக்கப்பில் டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள்.