கார் சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுக்கு அடியில் கேட்கும் 'ங்ங்ங்' சத்தம் என்ன?

அது பெட்ரோல் பம்ப். மின்சாரத்தில் ஓடுவது, டேங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கும். சாவி 'ஆன்' ஆனதும் ஓரிரு விநாடி ஓடி, குழாயில் அழுத்தத்தை ஏற்றி வைக்கிறது. சாதாரண பெட்ரோல் கார்களில் அது 3 முதல் 4 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். ஃபில்டரைத் தாண்டி வரும் பெட்ரோலை இன்ஜெக்டர் பொடிச்சாரலாகப் பீய்ச்சும். ஒரு தடவைக்குச் சில மில்லிவிநாடிதான் திறக்கும். எவ்வளவு நேரம் என்பதை, உள்ளே வரும் காற்றைக் கணக்கிட்டு இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) முடிவு செய்யும்.

சரி, பெட்ரோலுக்குள் மின்சாரம் போனால் தீப்பிடிக்காதா? எரியக் காற்று வேண்டுமே! முங்கிய பம்புக்குள் அது கிடையாது. உண்மையில் பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் பம்ப் சூடாகிச் சீக்கிரம் போய்விடும். கால் டேங்காவது வைத்திருங்கள், மாற்றும் செலவு கொஞ்சநஞ்சமில்லை.