கிட் என்றால் என்ன? இரண்டு பேர் மட்டுமே உள்ள குழுவுக்கும் அது தேவையா?

கிட் என்பது, ஒரு மென்பொருளின் கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பதைப் பதிந்து வைத்து, வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்ப வழிசெய்யும் கருவியாகும். லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை உருவாக்கினார். உலகெங்கும் பரந்திருந்த பலர் லினக்ஸில் ஒரே நேரத்தில் வேலை செய்தபோது, அவர்களின் மாற்றங்களைக் குழப்பமின்றி ஒன்றுசேர்க்க வேண்டியிருந்ததே அதற்குக் காரணம்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொருவரின் நிறையும் அவரவர் பெயருக்கு நேரே அன்றன்றே பதியப்படுவதால், சம்பள நாளில் கிலோ குறைந்திருந்தால் எந்த நாளில் பிழை நேர்ந்தது என்று புரட்டிப் பார்க்க முடிகிறது. கிட்டின் பதிவும் அத்தகையதே.

ஆகவே ஹட்டனில் ஒருவரும் பதுளையில் ஒருவருமாக ஒரே இணையத்தளத்தைச் செய்தாலும் கிட் அவசியம் என்பேன். ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும்போது அதனுடன் குறிப்பு எழுதுவதில் மட்டும் சோம்பல் வேண்டாம்: "சரிசெய்தேன்" என்பது யாருக்கும் உதவாது, "கைபேசியில் மெனு திறக்காத பிழை நீக்கப்பட்டது" என்று எழுதினால், ஆறு மாதம் கழித்துப் புதிதாகச் சேர்பவருக்கும் விளங்கும்.

கிட்டும் கிட்ஹப்பும் ஒன்றெனப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் கிட் இணைய இணைப்பு இல்லாமலும் உங்கள் கணினியிலேயே இயங்கும், கிட்ஹப்போ அந்தப் பதிவுகளை இணையத்தில் வைத்துப் பகிர்வதற்காக 2008இல் தொடங்கப்பட்ட தனிச் சேவை.