போர் முடிந்த பிறகும் மலாயாவிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் ஏன் உடனே கப்பலேறவில்லை?

ஜப்பான் 1945 ஆகஸ்டிலேயே பணிந்துவிட்டபோது, மலாயாவில் இருந்த உங்கள் கொள்ளுத்தாத்தா 1946 கடைசியில்தான் ஊர் திரும்பினார் என்கிறார்களே, அது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். என் தாத்தாவும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பட்டாளத்தில் சேர்ந்து, போர் ஓய்ந்ததும் பினாங்கில் இறங்கி, இங்கே பல மாதங்கள் கப்பலுக்குக் காத்திருந்தவர். பின்னாளில் ராஜுலா கப்பலில் பிழைப்புத் தேடி இங்கேயே வந்து குடியேறினார். அவர் சொல்லிக் கேட்டதையும் நான் படித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் காரணம் கப்பல் பற்றாக்குறை. செப்டம்பர் 9ஆம் தேதி மலாயாவின் மோரிப், போர்ட்டிக்சன் கடற்கரைகளில் பிரிட்டிஷ் தரப்பின் பெரும் படை இறங்கியது. 13ஆம் தேதி கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் ஜப்பானியத் தளபதி சரணடைந்தார். அதன் பின் கிடைத்த கப்பல்களில் முதல் இடம், ஜப்பானியச் சிறைகளிலும் முகாம்களிலும் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களுக்கே தரப்பட்டது. அது நியாயம் என்றே தாத்தா கடைசிவரை சொன்னார். போதாக்குறைக்கு, போரின்போது பிரிட்டிஷ் விமானங்களே போட்டுவைத்த கண்ணிவெடிகளைப் பினாங்குக் கடலிலிருந்து அகற்ற வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் வீரர்களுக்கும் இதே தவிப்புதான். 1946 ஜனவரியில் கராச்சி முதல் சிங்கப்பூர் வரை அவர்களுடைய விமானப் படையினர் வேலைநிறுத்தம் செய்ததற்கு வீடு திரும்பத் தாமதமானதே முக்கியக் காரணம்.

ஆனால், கப்பல் வராததைவிட, வந்த கப்பல் எந்தத் திசையில் போகும் என்று தெரியாததுதான் கொடுமை என்பார் தாத்தா. இந்தோனேசியர்கள் ஆகஸ்ட் 17இல் விடுதலையை அறிவித்துவிட்ட நிலையில், ஜப்பானியரின் ஆயுதங்களைக் களையவும் முகாம்களில் அடைபட்டிருந்தவர்களை மீட்கவும் என்று இந்தோனேசியத் தீவான ஜாவாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். மலாயா படையெடுப்புக்கென ஒதுக்கப்பட்டிருந்த 23ஆம் இந்திய டிவிஷன் இப்படித்தான் அங்கே போனது. அந்த டிவிஷனின் உட்பிரிவான 49ஆம் பிரிகேட் அக்டோபர் இறுதியில் ஜாவாவின் சுரபாயா நகரில் சுற்றி வளைக்கப்பட்டுப் பலரைப் பறிகொடுத்தது, பிரிகேடின் தளபதியும் கொல்லப்பட்டார். தங்கள் நாடே விடுதலை கேட்டுக்கொண்டிருக்கும்போது, விடுதலை கேட்கும் இன்னொரு மக்களை எதிர்த்து நிற்கவைத்தது அந்தச் சிப்பாய்களுக்குச் செய்த பெரும் அநீதி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தாத்தா தன் தங்கைக்கென்று பினாங்கில் ஒரு பட்டுத்துணி வாங்கி, கித்தான் பையின் அடியில் வைத்திருந்தார். இங்குள்ள ஈரக்காற்றில் பூசணம் பிடித்துவிடும் என்று, மழை விட்ட நாட்களில் அதை எடுத்து முகாம் கொடியில் உலர்த்தி, பழைய மடிப்பிலேயே மடித்து வைப்பாராம். பக்கத்துக் கூடாரத்தார் ஒரு நாள் மூட்டை கட்டச் சொல்லப்பட்டு, சென்னைக்கு என்று நம்பி மகிழ்ச்சியோடு துறைமுகத்துக்குப் போனார்கள். கப்பல் தெற்கே போயிற்று. அன்றிரவு எங்கள் முகாமில் யாரும் சாப்பிடவில்லை என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும்.

ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தாவின் டிஸ்சார்ஜ் சான்றிதழும் பழைய படமும் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். தோள்பட்டைச் சின்னத்தில் சண்டைச் சேவல் இருந்தால் அது 23ஆம் டிவிஷன். ஜாவாவிலிருந்த கடைசிப் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் 1946 நவம்பர் இறுதியில்தான் வெளியேறின என்பதால், உங்கள் வீட்டில் சொல்லும் காலக்கணக்கு அதனோடு சரியாகவே பொருந்துகிறது.