காசு குடுத்து 5 ஸ்டார் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம்க்கா. ஈரோட்டுல சின்னதா சேலைக்கடை வச்சிருக்கேன்ங்க, பாதி வியாபாரம் கடையில, மீதி இன்ஸ்டாவுலயும் வாட்ஸ்அப்லயும். கூகுள்ல மொத்தமே 20 ரிவ்யூதான் இருந்துச்சு, ரேட்டிங் 4.6. தீபாவளி லாட்ல ஒரு மெரூன் சேலை சாயம் போகுதுன்னு 5 பேர் 1 ஸ்டார் போட்டுட்டாங்க, இப்ப 3.9. இன்ஸ்டாவுலயும் கமெண்ட்ல வந்து திட்டறாங்க. ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி போன் பண்ணி, 15,000 ரூபா குடுங்க, 50 நல்ல ரிவ்யூ போட்டு கெட்டதெல்லாம் தூக்கிர்றோம், 4.8க்கு கேரண்டிங்கறாங்க. வாங்கலாமுங்களா?

பதில்: வாங்காதீங்க. அவங்க சொல்ற கணக்கையே முதல்ல பாருங்க. உங்க 25 ரிவ்யூவோட 50 அஞ்சு ஸ்டார் சேர்ந்தாலும் 4.6தான் வரும், 4.8ஐ தொடணும்னா அந்த 5 பேர் போட்டது போயே ஆகணும். அத தூக்கற சாவி எந்த ஏஜென்சி கையிலயும் கிடையாது, எழுதினவங்க அழிக்கணும் இல்லேன்னா கூகுள் அழிக்கணும். ரிப்போர்ட் பண்ற பட்டன் உங்க அக்கவுண்ட்லயே இருக்கு, ஓசி. ஆனா கூகுள் விதிய மீறின ரிவ்யூவத்தான் தூக்குவாங்க, கெட்ட வார்த்தை, சம்பந்தமில்லாத விஷயம், போட்டிக்கடைக்காரன் போட்டது, இந்த மாதிரி. சாயம் போச்சுன்னு ஒரு கஸ்டமர் எழுதினா அது விதிக்குள்ள இருக்கிற ரிவ்யூ, உங்களுக்கு பிடிக்கலேங்கறதுக்காக போகாது.

அப்புறம் அந்த 50 ரிவ்யூ எப்படி இருக்கும்னு நினைக்கறீங்க? போட்டோ இருக்காது, "நைஸ் கலெக்‌ஷன்", "குட் சர்வீஸ்"னு ரெண்டே வார்த்தை, எல்லாமே ஒரே வாரத்துல வந்து விழும். அந்த பேர தொட்டுப் பார்த்தா அதே ஆள் ஜெய்ப்பூர்ல ஒரு பல் டாக்டருக்கும் குவாஹாட்டியில ஒரு ஜிம்முக்கும் அஞ்சு ஸ்டார் போட்டிருப்பாரு. நம்ம ஊர் அக்காமார்கள் இதெல்லாம் பார்க்காம சேலை வாங்குவாங்கன்னு நினைக்காதீங்க, 1 ஸ்டாரத்தான் முதல்ல படிக்கறாங்க. போலின்னு கூகுளே கண்டுபிடிச்சா ரிவ்யூவ தூக்கறதோட விடறதில்ல, கொஞ்ச நாளைக்கு புது ரிவ்யூ வராம கட்டிப்போடலாம், போலி ரிவ்யூ நீக்கப்பட்டிருக்குன்னு உங்க கடை பேருக்கு கீழயே எல்லாருக்கும் தெரியற மாதிரி காட்டவும் அவங்க விதியில இடமிருக்கு. பணமும் போய் மானமும் போன கதை. ஆன்லைன் ரிவ்யூவுக்குன்னே இந்திய தர நிர்ணய அமைவனம் 2022ல ஐஎஸ் 19000னு ஒரு தரம் கொண்டு வந்திருக்கு, கட்டாயமில்லதான், ஆனா காசு குடுத்து எழுத வைக்கற ரிவ்யூவெல்லாம் வேண்டாம்னு அதுலயே இருக்கு. 2020 இ-காமர்ஸ் விதிகள்லயும், விக்கறவங்களே கஸ்டமர் வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக்கூடாதுன்னு நேராவே சொல்லியிருக்கு.

சரி, அந்த 15,000த்த என்ன பண்றது? சேலை திருப்பி வாங்கறதுக்கு வச்சுக்கோங்க. அந்த 5 பேருக்கும் ஒவ்வொருத்தருக்கா பொதுவுலயே பதில் எழுதுங்க, அஞ்சு பேருக்கும் ஒரே மெசேஜ காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. "வணக்கம்ங்க, மெரூன் லாட்ல சாயம் நிக்கலேங்கறது உண்மைதான், மிச்சமிருந்தத விக்காம நிறுத்திட்டோம். சேலைய அனுப்புங்க, கூரியர் செலவு எங்களோடது, பணமா வேற சேலையான்னு நீங்களே சொல்லுங்க", இவ்வளவு போதும். "தங்கள் கருத்துக்கு நன்றி, உங்கள் திருப்தியே எங்கள் குறிக்கோள்"னு எழுதினீங்கன்னா படிக்கறவங்களுக்கு எரிச்சல்தான் வரும். கோவத்துல கஸ்டமரோட போன் நம்பரையோ அட்ரஸையோ பதில்ல போட்றாதீங்க, அப்படி போட்டு வம்புல மாட்டறவங்க இருக்காங்க. நீங்க பதில் போட்டா எழுதினவங்களுக்கு நோட்டிபிகேஷன் போகும், ரிவ்யூவ மாத்தவும் அவங்களால முடியும். பணம் திரும்பி வந்ததும் சிலர் தானா மாத்துவாங்க, ஆனா "மாத்தினாத்தான் ரீபண்ட்"னு மட்டும் நீங்க வாய திறக்கக்கூடாது.

புது ரிவ்யூவ பொறுத்தவரைக்கும், உண்மையான 15 பேர் அஞ்சு ஸ்டார் போட்டாலே நீங்க 4.3, 31 பேர் போட்டா 4.5. பொங்கல் வியாபாரத்துலயே இது ஆகற காரியம்தான். பார்சல்ல ஒரு க்யூஆர் கார்டு வைங்க, பில் போடறப்ப வாயால கேளுங்க. எல்லார்கிட்டயும் கேக்கணும், சந்தோஷமா போறவங்கள மட்டும் பொறுக்கி கேக்கறதும், ரிவ்யூ போட்டா 50 ரூபா டிஸ்கவுண்ட்ங்கறதும் கூகுள் விதிப்படி தப்பு.

இன்ஸ்டா கமெண்ட் விஷயம். அசிங்கமா பேசறத தாராளமா அழிங்க, கெட்ட வார்த்தைய தானா மறைக்கற செட்டிங்கே இருக்கு. ஆனா "சாயம் போகுது, மெசேஜ் பண்ணா பதிலில்ல"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தா அத அழிச்சீங்கன்னா அவங்க ஸ்கிரீன்ஷாட்டோட ஸ்டோரி போடுவாங்க, அங்க போய் நீங்க பதில் எழுத முடியாது. கமெண்டுக்கு கீழயே ஒரு வரி பதில் போட்டுட்டு மத்தத டிஎம்ல, அதாவது தனி மெசேஜ்ல பேசுங்க. அப்படியே, உங்க பயோவுல "அன்பாக்சிங் வீடியோ இல்லாம ரிட்டர்ன் கிடையாது"ன்னு போட்டிருக்கீங்களா? எல்லா கடையும் போடுது. ஆனா சாயம் போறது துவைக்கறப்பதான் தெரியும், பார்சல் பிரிக்கறப்ப எடுக்கற வீடியோவுல எப்படித் தெரியும்? குறையுள்ள பொருள திருப்பி எடுக்க மாட்டேங்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், பில்லுல கெடு எதுவும் போடலேன்னா 30 நாள் கணக்கு. அந்த வரிய மாத்துங்க, பாதி 1 ஸ்டார் அங்கிருந்துதான் பொறக்குது.

கேள்வி: மதுரையில மெஸ் நடத்தறோம். ஒரே ராத்திரியில 12 பேர் 1 ஸ்டார், எல்லாம் வடநாட்டு பேரு, சாப்பிட வந்த ஆளுங்களே இல்ல. காலையில வாட்ஸ்அப்ல ஒருத்தன் 8,000 அனுப்பு, எடுத்துர்றேன்ங்கறான். என்ன செய்ய?

பதில்: ஒத்த ரூபா அனுப்பாதீங்க, அனுப்பினா அடுத்த மாசமும் வருவான். அந்த சாட், நம்பர், ரிவ்யூ எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு 12 ரிவ்யூவையும் தனித்தனியா கூகுள்ல ரிப்போர்ட் பண்ணுங்க, முடியாதுன்னு பதில் வந்தா அப்பீல் பண்ற வழியும் அங்கயே இருக்கு. மிரட்டலுக்கு சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930ல கூப்பிட்டு சொல்லுங்க. ரிவ்யூ தூக்கற வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் கீழ "இந்தப் பேர்ல எங்ககிட்ட யாரும் சாப்பிட்ட மாதிரி தெரியல, பில் இருந்தா காட்டுங்க"ன்னு மரியாதையா எழுதி வைங்க, சண்டை வேண்டாம்.

கேள்வி: ஏசி சர்வீஸுக்கு வந்தவங்க கூலிங் கேஸ் நிரப்பினோம்னு 2,500 வாங்கிட்டாங்க, மூணாம் நாளே பழையபடி சூடு. நடந்தத கூகுள்ல எழுதினேன், இப்ப மானநஷ்ட கேஸ் போடுவோம்ங்கறாங்க. அழிச்சிரவா?

பதில்: அழிக்க வேண்டாம், ஒரு தடவ திரும்ப படிச்சு பாருங்க. தேதி, பில் தொகை, ஏசி மறுபடி மக்கர் பண்ணது, இதெல்லாம் நடந்தது, பில்லும் வீடியோவும் கையில இருக்கணும். "திருட்டுப்பசங்க"ன்னு எழுதியிருந்தா அந்த வார்த்தைய மட்டும் எடுத்துருங்க, அதுலதான் மாட்டிவிட பார்ப்பாங்க. ஐபிசிக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 356வது பிரிவு அவதூற பத்தி பேசுது, பொது நன்மைக்காக சொல்ற உண்மைக்கும் நல்லெண்ணத்தோட சொல்ற கருத்துக்கும் அதுலயே விலக்கு இருக்கு. வக்கீல் நோட்டீஸ் நிஜமாவே வந்தா சும்மா விடாம ஒரு வக்கீல பாருங்க, வெறும் போன் மிரட்டலுக்கு பயப்படாதீங்க. உங்க 2,500க்கு தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிவு பண்ணுங்க. அவங்க திரும்ப வந்து ஒழுங்கா கூலிங் கேஸ் நிரப்பி குடுத்தாங்கன்னா அதையும் அந்த ரிவ்யூலயே தேதியோட சேர்த்துருங்க.