போனில் ஓடும் வீடியோ, எடிட்டிங் மென்பொருளில் ஏன் படமில்லாமல் சத்தம் மட்டும் தருகிறது?

காசிமேட்டிலோ வியாசர்பாடியிலோ ஒரு கானாவைப் போனில் எடுக்கிறீர்கள். போனில் அருமையாக ஓடுகிறது. கணினியில் எடிட்டிங் மென்பொருளில் போட்டால் பாட்டு கேட்கிறது, படம் கறுப்பு. பெரும்பாலும் கோப்பு கெட்டிருக்காது. காரணம் கோடெக், அதாவது படத்தையும் சத்தத்தையும் சுருக்கிச் சேமித்து மறுபடி விரிக்கும் முறை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போக வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். வெளியே எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டி, உள்ளே சரக்கு வேறு வேறு. எம்பி4 என்ற வீடியோ கோப்பு வகை அப்படி ஒரு பெட்டிதான். உள்ளே 2003-இல் வந்த எச்.264 என்ற கோடெக் இருக்கலாம், 2013-இல் வந்த எச்.265 என்ற கோடெக் இருக்கலாம். இடம் மிச்சமாகும் என்பதால் புதிய போன்கள் பலவும் எச்.265-இல் பதிவு செய்கின்றன. அதை விரிக்கும் வசதி உங்கள் கணினியிலோ மென்பொருளிலோ இல்லையென்றால் படம் வராது.

ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எச்.264-ஆக மாற்றிவிட்டு எடிட்டிங் மென்பொருளில் போடுங்கள். அப்போதே பிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற வேகத்தை, 'கான்ஸ்டன்ட்' (மாறாதது) என்று வையுங்கள், இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பல போன்கள் பதிவின் நடுவே பிரேம் வேகத்தை ஏற்றி இறக்கும். அதனால்தான் பாட்டு நீள நீள உதடும் குரலும் விலகுகின்றன. மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்க வேண்டாம். ஐபோன் என்றால் கேமரா அமைப்பில், ஃபார்மட்ஸில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' தேர்ந்தால் அடுத்த பதிவுகள் வழக்கமாக எச்.264-இலேயே வரும்.

கோப்பின் பெயரில் கடைசியில் உள்ள எம்ஓவி என்ற இன்னொரு பெட்டியின் பெயரை எம்பி4 என்று திருத்தினால் போதும் எனப் பலர் நம்புகிறார்கள். அதில் பெயர் மட்டும்தான் மாறும், உள்ளே இருக்கும் கோடெக் மாறாது.