அமெரிக்காவில் உறவினர் கைதாகிவிட்டார். உரிமம் உள்ள பெயில் ஏஜென்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

யாரோ உள்ளே இருக்கிறார், நீங்கள் வெளியே போனும் கையுமாகத் தவிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. கலிஃபோர்னியாவில் சித்தப்பா பையனுக்காக அலைந்தவன், அவ்வளவுதான்.

பெயில் ஏஜென்ட் என்றால், கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் தொகைக்குப் பொறுப்பேற்கிறவர். எந்த மாநிலம் என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லினாய்ஸில் 2023 செப்டம்பரிலிருந்து பணம் கட்டி ஜாமீன் என்பதே கிடையாது. கென்டக்கியில் 1976லேயே இந்தத் தொழிலைத் தடை செய்துவிட்டார்கள். அங்கிருந்துகொண்டு ஒருவர் தன்னை ஏஜென்ட் என்றால் போனை வைத்துவிடுங்கள். டெக்சஸின் பெரிய கவுண்டிகளில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) உரிமம் தருவது கவுண்டியின் போர்டு. கலிஃபோர்னியாவில் மாநிலக் காப்பீட்டுத் துறை. அவர்கள் தளத்தில் பேரையோ லைசென்ஸ் நம்பரையோ போட்டால் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஆனால் உரிமம் இருந்தால் மட்டும் போதாது. எங்கள் கதையையே சொல்கிறேன். தம்பி, அதாவது அந்தச் சித்தப்பா பையன், வீட்டில் சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் 911ஐ (போலீஸ் அவசர எண்) கூப்பிட்டுவிட்டார். (அவன் செய்தது சரி என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அதற்காகக் கமெண்டில் வரிந்துகட்டிக்கொண்டு வராதீர்கள். அவன் மனைவிக்குத் துணையாகப் போய் நின்றதும் என் வீட்டம்மாதான்.) வெள்ளிக்கிழமை ராத்திரி ஃப்ரீமாண்டில் பிடித்து, டப்ளின் என்ற ஊரில் இருக்கும் சாண்டா ரீட்டா ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஜாமீன் 20,000 டாலர். முழுத் தொகையை நாமே கட்டினால், அவன் வாய்தா தவறாமல் போகிறவரை, வழக்கு முடிந்ததும் திரும்பி வரும். கையில் அவ்வளவு ஏது? ஏஜென்ட் வழியாகப் போனால் வழக்கமாகப் பத்து சதவீதம், அதாவது 2,000. வழக்கே தள்ளுபடியானாலும் அது போனது போனதுதான்.

முதலில் பார்த்தவருக்கு உரிமம் பக்காவாக இருந்தது. கோ-சைன் பேப்பரை, அதாவது ஜாமீனுக்கு நானும் பொறுப்பு என்று கையெழுத்துப் போடும் பேப்பரை, நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டி" என்றார். ஃபார்மாலிட்டிக்கு எதற்கு என் வீட்டு விவரம் என்று கேட்டேன், பதில் இல்லை. அவன் கோர்ட்டுக்கு வராமல் ஓடினால், ஆளைக் கொண்டுவர ஏஜென்டுக்கு 180 நாள் அவகாசம் உண்டு. முடியாவிட்டால் அந்த 20,000 கையெழுத்துப் போட்டவன் தலையில்தான் வந்து விடியும். அப்புறம் "நமக்குத் தெரிந்த வக்கீல் ஒருத்தர் இருக்கார்" என்று ஆரம்பித்தார். கலிஃபோர்னியாவில் பெயில் ஏஜென்ட் வக்கீலைச் சிபாரிசு செய்யக்கூடாது. ஜெயிலிலோ கோர்ட்டிலோ ஆள் பிடிக்கவும் கூடாது. எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு அம்மாவிடம் போனோம். ஒவ்வொரு பக்கமாகப் படித்துக் காட்டினார். அங்கேதான் கையெழுத்துப் போட்டேன்.

காத்திருந்தால் நீதிபதியே பணமில்லாமல் விட்டிருப்பாரே என்பீர்கள். விடலாம். கட்டும் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என 2021ல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆனால் கைதானவரை நீதிபதி முன் நிறுத்த வேண்டிய 48 மணி நேரக் கணக்கில் ஞாயிறும் விடுமுறை நாளும் சேராது. திங்கள் காலை அவன் ஆபீசில் இல்லையென்றால் வேலை போகும், வேலை போனால் விசா.

பணத்தைவிட என்னைக் கடுப்பேற்றியது நம்ம ஆட்கள். பொங்கல் விழாவுக்குப் பாத்திரம் தூக்க மட்டும் என் நம்பர் எல்லோரிடமும் இருக்கும். அன்று ராத்திரி ஒருவர் போனை எடுக்கவில்லை. ஆனால் அவன் வெளியே வருவதற்குள் மதுரையில் சித்தி காதுக்கு வாட்ஸ்ஆப்பில் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது! இந்த வருஷம் விழாப் பக்கமே நான் போகவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜெயிலிலிருந்து வரும் போன் பேச்சு பதிவாகும். என்ன நடந்தது என்று அவரிடம் கேட்காதீர்கள். முழுப்பெயர், எந்த ஜெயில், புக்கிங் நம்பர் (ஜெயிலில் பதிவு செய்யும்போது தரும் எண்), ஏஜென்டிடம் சொல்ல இது மூன்றும் போதும். விசாவில் இருப்பவர் என்றால் குடியேற்ற வக்கீல் ஒருவரிடமும் கையோடு பேசிவிடுங்கள்.