'கெட்' (get) என்கிற ஆங்கில வினைச்சொல்: கேள்வி பதில்

"அகராதியில் 'கெட்'டுக்கு இரண்டு பக்கம் பொருள் போட்டிருக்கிறார்கள். எதைத்தான் படிப்பது, சார்?" (பிளஸ் டூ மாணவர், கோவில்பட்டி)

அகராதியை மூடி வையுங்கள், தம்பி. 'பி' (be), 'ஹேவ்' (have) இரண்டும் இருக்கிற நிலையைச் சொல்பவை. அந்த நிலைக்கு வந்து சேர்வதைச் சொல்வது 'கெட்'. 'ஐ ஆம் டயர்ட்' என்றால் களைப்பாக இருக்கிறேன். 'ஐ ஆம் கெட்டிங் டயர்ட்' என்றால் களைப்பு தட்ட ஆரம்பித்துவிட்டது. டிக்கெட் கையில் இருந்தால் 'ஹேவ்', கிடைத்தது என்றால் 'காட்' (got, 'கெட்'டின் இறந்தகாலம்). 'நேரமாகிறது' என்பது 'இட்ஸ் கெட்டிங் லேட்', 'வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்' என்பது 'ஐ காட் ஹோம்'. நம்மிடம் கிடை, ஆகு, சேர் என்று மூன்று ஆள் பார்க்கும் வேலையை அங்கே இது ஒற்றை ஆளாகப் பார்க்கிறது. அவ்வளவுதான்.

"அப்படியானால் 'ஐ வாஸ் மேரீட்', 'ஐ காட் மேரீட்', எது சரி?" (இல்லத்தரசி, சேலம்)

இரண்டும் சரிதான் அம்மா. 'காட் மேரீட்' என்றால் கல்யாணம் நடந்ததை மட்டும்தான் குறிக்கும். 'வாஸ் மேரீட்' இரண்டு பக்கமும் சாயும்: கல்யாணம் நடந்ததையும் சொல்லும், மணமாகி இருந்த நிலையையும் சொல்லும். 'ஷி வாஸ் மேரீட் வென் ஐ மெட் ஹர்' என்றால், நான் சந்தித்தபோதே அவர் திருமணமானவர். அப்புறம், 'இன்னாருடன் திருமணம்' என்கிற பழக்கத்தில் 'மேரீட் வித்' என்று போட்டுவிடாதீர்கள். 'மேரீட் டு' என்பதே சரி.

முடிவெட்டும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 'ஐ கட் மை ஹேர்' என்றால் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே வெட்டிக்கொண்டதாகத்தான் பெரும்பாலும் நினைப்பார்கள். சலூனுக்குப் போனீர்கள் என்றால் 'ஐ காட் மை ஹேர் கட்'.

"'கெட்' என்ற சொல்லின் பூர்வீகம் லத்தீனா, கிரேக்கமா?" (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

இரண்டும் இல்லை, ஐயா. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழியாக வந்த வைக்கிங்குகள் கொண்டுவந்தது. 865ல் அவர்களுடைய பெரும்படை இங்கிலாந்தில் இறங்கியது. அடுத்த ஆண்டே யார்க் நகரம் வீழ்ந்தது. வந்தவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி உழவும் செய்தார்கள். அவர்களுடைய பழைய நோர்ஸ் மொழியில் 'கெட்டா' என்றால் பெறு, அடை. ஆங்கில எழுத்தில் 'கெட்' தலைகாட்டுவது 1200 வாக்கில்தான்.

ஆங்கிலேயரிடம் இதற்கு உறவான சொல் முன்பே உண்டு, ஆனால் முன்னொட்டு ஒட்டிக்கொண்டு. 'ஃபர்கெட்' அப்படிப்பட்டது: பிடியிலிருந்து நழுவவிடுவது மறதி. 'கெட்' வெளியூர்ச் சரக்கு என்பதற்கு அதன் முதல் ஒலியே சாட்சி. பழைய ஆங்கிலத்தில் இந்த மாதிரி இடத்தில் 'க' ஒலி 'ய' ஆகிவிடும். 'யார்ட்', 'யீல்ட்' எல்லாம் அப்படி மாறியவை. உள்ளூரிலேயே வளர்ந்திருந்தால் இன்று 'யெட்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

லத்தீன் என்று கேட்டதால் இதையும் சொல்கிறேன். 'காம்ப்ரிஹெண்ட்' (புரிந்துகொள்) என்கிற கனமான சொல் லத்தீன் வழி வந்தது. ஆனால் அதற்கும் 'கெட்'டுக்கும் ஆதி வேர் ஒன்றே, பொருள் 'பிடி'. தெருவில் 'ஐ காட் இட்' (புரிந்துவிட்டது) என்பவரும் மேடையில் 'காம்ப்ரிஹெண்ட்' என்பவரும் ஒரே வேரைத்தான் உச்சரிக்கிறார்கள்.

"'காட்'டுக்குப் பதில் 'ஹேவ்'வோடு வரும் 'காட்டன்' (gotten) என்பது அமெரிக்கர்கள் கெடுத்த ஆங்கிலம்தானே?" (வங்கி ஊழியர், மதுரை)

பழி வேண்டாம். 1611ல் இங்கிலாந்தில் அச்சான பைபிளில், காயீன் பிறந்ததும் ஏவாள் சொல்லும் வாக்கியத்திலேயே 'காட்டன்' இருக்கிறது. பிரிட்டன் பின்னால் கைவிட்டது, அமெரிக்கா வைத்துக்கொண்டது. வைத்துக்கொண்டதில் லாபமும் உண்டு: அங்கே 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் கார் இருக்கிறது, 'ஐ ஹேவ் காட்டன் எ கார்' என்றால் வாங்கிவிட்டேன்.

"'ஐ காட் டு மீட் ஹிம்' என்றால் சந்தித்தே ஆகவேண்டும் என்றுதானே?" (ஐடி ஊழியர், ஓசூர்)

'ஹேவ்' சேர்ந்தால்தான் கட்டாயம்: 'ஐ ஹேவ் காட் டு'. அது இல்லாமல் எழுதினால், அவரைச் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது என்றாகும். பேச்சில் 'ஹேவ்' தேய்ந்து காணாமல் போவதால்தான் இந்தக் குழப்பம். மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது 'ஹேவ்' போட்டுவிடுங்கள்.

"விண்ணப்பக் கடிதத்தில் 'கெட்' எழுதலாமா?" (பட்டதாரி, நாகர்கோவில்)

கடிதத்தில் 'ரிசீவ்ட்', 'அப்டெய்ன்ட்' நல்லது. நண்பனிடம் போய் 'ஐ ரிசீவ்ட் எ காபி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

"பஸ்ஸில் 'கெட் டவுன்' தப்பா?" (கண்டக்டர், விழுப்புரம்)

இந்தியாவில் எல்லோருக்கும் புரியும், தயங்காமல் சொல்லுங்கள். லண்டன் பஸ்ஸில் 'கெட் ஆஃப்', காரிலிருந்து இறங்கினால் 'கெட் அவுட்'.